அர்மாஸ் பார்க்க வந்த வீடு

ஐலா அந்த வீட்டை வாங்கியபோது எங்கள் ஏரிக்கரையில் ஒருவர் கண்ணுக்கும் அது வீடாகத் தெரியவில்லை. 1993 அக்டோபர். பதினான்கு வருஷம் பூட்டிக் கிடந்த மரவீடு. கூரையில் ஒரு பிர்ச் மரக்கன்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. புகைபோக்கி பாதி சரிந்து கிடந்தது. முழு மரங்களை அடுக்கிக் கட்டிய சுவர்கள் வடக்குப் பக்கமாக உட்கார்ந்துபோய், வீடே ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். என் பெயர் ஒன்னி, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி மரம் அறுக்கும் மில் வைத்திருக்கிறேன். பலகை கேட்டு என்னிடம்தான் முதலில் வந்தாள்.

யோன்சூ நகரத்தில் பல் செட் செய்கிற கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. அப்போது நாற்பத்திரண்டு வயது. அம்மாவும் அவளுமாக ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அந்த வசந்தத்தில் அம்மா இறந்துவிட்டாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“தனியாவா செய்யப்போறே?” என்று கேட்டேன்.

“ஆமா. அவசரம் ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒரு வேலை.”

“பல்லு வேலை மாதிரி இல்லம்மா இது.”

“பல்லுலயும் முதல்ல சொத்தையத்தான் சொரண்டணும்” என்றாள்.

விற்றவர் பெயர் அர்மாஸ். ரயில்வேயில் இருந்தவர், லியெக்ஸா ஊரில் குடியிருந்தார். அந்த வீட்டில் பிறந்தவர். அப்பா செத்தபின் அவர் கைக்கு வந்த வீடு, அவர் ஒருநாளும் அதில் வந்து தங்கியதில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது ஐலாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். “இடிச்சுட்டுப் புதுசா கட்டப்போறீங்களா?” அவள் “பாக்கலாம்” என்றாள். 

அடுத்த கோடையில் அவள் கூரையில் கைவைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரில் வருவாள், ஞாயிறு திரும்பிப் போவாள். இடையில் இரண்டு நாள் ஒரு மனிதரோடும் பேச்சு இருக்காது. திங்கட்கிழமை காலை வேலையிடத்தில் “வணக்கம்” சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்குமாம், ரேடியோவை ரொம்ப நாள் கழித்துப் போட்டால் வருகிற சத்தம்போல. அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நடுக்கோடைத் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. அவள் கூரைமேல் தகரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். சாலையோரம், முன்பெல்லாம் பால் கேன் வைக்கிற மரமேடை பக்கத்தில் ஒரு பழுப்பு லாடா கார் வந்து நின்றது. அர்மாஸ் இறங்கி மேடையில் உட்கார்ந்தார். ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு வீட்டையே பார்த்தார். ஒரு மணி நேரம் போனது. பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“இந்தாம்மா, தலையில தொப்பி போட்டுட்டா ஆச்சா? கீழ காலே இல்லையே.”

“எந்தக் கால்?”

“வடக்குப் பக்கம் அடிமரத்துல விரலை விட்டுப் பாரு. மாவா வரும். இது நிக்கிறதே பழக்கதோஷத்துல.”

அவள் ஏணியில் இறங்கி வந்தாள். “உள்ள வாங்க, சூடா காபி போடறேன்.”

“எங்கிட்ட ஃபிளாஸ்க் இருக்கு” என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

அவள் போய் விரலை விட்டுப் பார்த்தாள். மாவாகத்தான் வந்தது.

அடிமரம் மாற்றுவதை எங்கள் பக்கம் வீட்டுக்குச் செருப்பு மாட்டுவது என்போம். அதற்குத் தோதான மரம் தேடி, அறுத்து, காயவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. 96 கோடையில் நாலு ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கினோம். ஒரு நேரத்தில் விரல்கடை அளவுதான் ஏற்றலாம். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் சுவரெல்லாம் முனகும், நாங்கள் நின்று கேட்போம். அந்த வருஷமும் நடுக்கோடைக்கு அடுத்த அதே சனிக்கிழமை அர்மாஸ் வந்தபோது சரியாக வீடு ஜாக்கிமேல் இருந்தது. அவர் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

“சாயும் பாரு” என்றார்.

“சாயாது” என்றேன்.

“மேற்கு மூலை ஜாக்கி கோணலா நிக்குது, ஒன்னி. உங்கப்பன் இருந்திருந்தா உனக்கு ரெண்டு வச்சிருப்பான்.”

போய்ப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. சரிசெய்தேன். புது மரம் உள்ளே போய் உட்கார்ந்து, வீட்டை மெல்ல இறக்கினோம். ஐலா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தாள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் சமமாக நின்றது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் காட்ட வெளியே ஓடினாள். அவர் மிச்சக் காபியைப் புல்லில் கொட்டிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒரு வருஷம் புகைபோக்கி. அடுத்த இரண்டு வருஷம், ரொட்டி சுடும் பெரிய அடுப்பை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்து, எண் எழுதி, மறுபடி கட்டினாள். பிறகு ஜன்னல்கள். நாற்பத்திரண்டு கண்ணாடி, ஒவ்வொன்றையும் கழற்றிப் சட்டத்தில் ஒட்டிய பழைய பசையைச் சுரண்டிப் புதுசு வைத்தாள். ஒரு கோடை பூரா கிணறு. குளிர்காலத்தில் அங்கே தங்க முடியாது. அதனால் நகரத்து வீட்டில் சமையல் மேஜைமேல் கதவுகளின் பூட்டையும் கீலையும் பரப்பிவைத்துத் துரு எடுப்பாள். அவளைத் தேடி அங்கே யாரும் வருவதில்லை, அதனால் மேஜையைக் காலிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் அந்தச் சனிக்கிழமை லாடா வரும். ஏதாவது ஒரு குறை இருக்கும்.

“புகைபோக்கி நல்லா நேரா இருக்கு. தேவாலயத்துக் கோபுரம்னு நெனச்சு ஜனம் வந்து நிக்கப்போவுது.”

“இது என்ன கதவுக்கு இந்த நிறம்? தபால்பெட்டியா?”

“கொல்லைப் படிக்கட்டு ஆடுது. நீ ஒல்லி, உனக்குத் தெரியாது.”

அவள் ஒவ்வொரு வருஷமும் உள்ளே கூப்பிடுவாள். அவரும் ஒவ்வொரு வருஷமும் ஃபிளாஸ்கைத் தூக்கிக் காட்டுவார். போகப்போக அவள் அவருக்கும் சேர்த்து ரை தானிய மாவில் அப்பம் சுட ஆரம்பித்தாள். மேடைக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் தின்பார். உப்புக் குறைவு என்பார்.

தான் வேலைகளை அந்தச் சனிக்கிழமைக்கு முடிகிறமாதிரி வைத்துக்கொள்வதை அவளே ஒருநாள் கண்டுபிடித்தாள். எங்கே குறை சொல்வார் என்று முன்கூட்டியே யோசித்து அந்த இடத்தை இரண்டு தரம் இழைப்பாளாம். “எனக்கே வெக்கமா போச்சு, ஒன்னி” என்றாள் என்னிடம். “வருஷத்துல ஒரு மணி நேரம் வர்ற மனுஷன். அவர் சொல்ற குறைக்கு மிச்ச வருஷம் பூரா பதில் சொல்லிட்டு இருக்கேன். வாய்விட்டு வேற, தனியா நின்னுக்கிட்டு.”

வீட்டில் ஒரே ஒரு அறையை மட்டும் அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். வடக்குப் பக்கச் சின்ன அறை. பலகையும் சாமான்களும் போட்டுவைக்கத்தான் பயன்பட்டது. 2008 கோடையில் அதைக் காலிசெய்து தரைப்பலகையைப் பெயர்த்தாள். அடியில் பூஞ்சை பிடித்து எல்லாம் பஞ்சாகிப் போயிருந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பத் தட்டோடு மேடைக்குப் போனவள் சொன்னாள்:

“இந்த வருஷம் வடக்கு ரூமைப் பிரிச்சிருக்கேன். தரை முச்சூடும் போயிடுச்சு.”

அர்மாஸ் அப்பத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அந்த ரூமை விட்டுடு.”

“ஏன்? அது ஒண்ணுதான் பாக்கி.”

“விட்டுடுன்னு சொல்றேன்ல.”

எழுந்து போய்விட்டார். அப்பத்தை மேடைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குக் குறை எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் லாடா வரவில்லை. ஐலா சனிக்கிழமை முழுக்க வாசலிலேயே செய்கிறமாதிரி வேலைகளாக எடுத்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஞாயிறும் இருந்தாள். வேலைக்கு லீவு சொல்லித் திங்களும் இருந்தாள். செவ்வாய்க்கிழமை என் மில்லுக்கு வந்தாள்.

“அவர் நம்பர் இருக்கா உங்கிட்ட?”

“இல்லையே. உங்கிட்ட இல்லையா?”

“பதினஞ்சு வருஷம். கேக்கவே இல்ல பாரேன்.”

பழைய பத்திரத்தில் விலாசம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு லியெக்ஸாவுக்குப் போனாள். மூன்றாவது மாடி. மணி அடித்து ரொம்ப நேரம் கழித்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டு அர்மாஸ் வந்து கதவைத் திறந்தார். மார்ச்சில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவரும் தனி ஆள்தான். கல்யாணம் செய்து பிரிந்தவர், பிள்ளைகள் இல்லை.

உள்ளே கால் வைத்ததும் அவளுக்கு மூச்சு முட்டியதாம். வெளியே ஜூலை மாத வெயில். அவர் வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டியது. அவர் கம்பளி பனியன் போட்டிருந்தார்.

“உக்காரு” என்றார். “இங்க காபி என்னோடது. குடிச்சாகணும்.”

குடித்தார்கள். அவள் கேட்காமலே அவர் சொல்ல ஆரம்பித்தார். பிறகு அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்.

அவருக்கு ஒரு தங்கை, ரைலி. 1951 நவம்பரில், பனிக்கட்டி எறிந்து விளையாடும்போது வடக்கு அறை ஜன்னலின் கண்ணாடி உடைந்தது. பிள்ளைகள் இரண்டும் படுக்கிற அறை அது. அப்பா ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். ஊர்ப்பக்கம் போகும்போது கண்ணாடி வாங்கி வருகிறேன் என்றார். யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய மனுஷர். அடிக்கிறவரோ குடிக்கிறவரோ இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். டிசம்பர் போனது. பலகைச் சந்து வழியாகக் காற்று வந்து சுவரின் உள்பக்கமே உறைபனி பிடித்தது. காலையில் எழுந்து இரண்டு பேரும் அதில் நகத்தால் படம் வரைவார்களாம். பிப்ரவரியில் ரைலிக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் குதிரைவண்டியில் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆறு வயது.

“அடக்கம் முடிஞ்ச மறுநாள் அப்பா கண்ணாடி போட்டார்” என்றார் அர்மாஸ். “அரை மணி நேரம் ஆச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். அரை மணி நேர வேலைதான் அது.”

ஐலா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அவர் செத்ததும் வீட்டை அப்படியே விட்டேன். விழட்டும்னு. பதினாலு வருஷம். விழல. சரி, விப்போம், வாங்கறவங்க இடிச்சுத் தள்ளட்டும்னு பாத்தா, நீ வந்தே. பல்லு கட்டற மாதிரி ஒவ்வொண்ணா கட்டிக்கிட்டு.”

“அப்ப வருஷா வருஷம் நீங்க வந்தது...”

“விழுந்துடுச்சான்னு பாக்கத்தான் வந்தேன். முதல்ல.”

“அப்புறம்?”

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்புறம் அப்பம் கொடுக்க ஆரம்பிச்சே” என்றார்.

கிளம்பும்போது அவள் கதவருகில் நின்று கேட்டாள். “நான் செஞ்சதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?”

“நல்லா செஞ்சே. அதான் கஷ்டம்.”

திரும்பி வந்தவள் அந்தக் கோடையில் சுத்தியலைத் தொடவே இல்லை. அடுத்த கோடையும் அப்படியே போனது. வருவாள், ஏரியில் குளிப்பாள், வடக்கு அறைக் கதவைச் சாத்தியே வைத்திருப்பாள். உள்ளே தரை பிளந்தபடி கிடந்தது. பதினேழு வருஷத்தில் முதல்தடவையாக அந்த வீட்டில் தனக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அங்கே யாருமே இல்லை என்றாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“ஒன்னி, அந்த ரூமை மட்டும் அறுத்து எடுக்க முடியுமா?”

சுற்றிப் பார்த்தேன். பின்னால் சேர்த்துக் கட்டிய அறை அது. முடியும். ஒரு நாள் வேலை, சங்கிலி ரம்பம் போதும் என்றேன்.

அவள் என் எதிரிலேயே அர்மாஸுக்குப் போன் போட்டாள். “வடக்கு ரூமை அறுத்து எடுத்துடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட கேக்கணும்னு தோணுச்சு.”

 அந்தப் பக்கம் அவர் என்னவோ சொன்னார். அவள் “சரி” என்று வைத்தாள்.

“என்ன சொன்னார்?”

“அது உன் வீடு, என்னை ஏன் கேக்கறேன்னார்.”

ரம்பத்தைக் காரில் ஏற்றி வந்து மறுநாள் காலை அவள் வாசலில் நின்றேன். அவள் காதில் போனை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையால் நிறுத்தச் சொன்னாள். பேசியது அவர்தான், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் அவ்வளவு சத்தமாக இருந்ததில் எனக்கே கேட்டது.

“அறுத்துட்டா ரோட்டுலேர்ந்து பாக்க மொட்டையா இருக்கும். செய்யறதா இருந்தா ஒழுங்கா செய். தரைக்கு அடியில காத்துப் போக வழி விடு. சுவத்துச் சந்துல பாசியைச் சும்மா திணிச்சா போதாது, இறுக்கி அடிக்கணும். அப்பறம், அந்த ரூமுக்குன்னு தனியா ஒரு அடுப்பு வேணும். எங்களுக்கு அப்ப இருந்ததில்ல. கேக்குதா?”

“கேக்குது.”

“அந்த ஒன்னிப்பய அங்க இருக்கானா? ரம்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பானே. போகச் சொல்லு.”

நான் போனேன்.

அந்த அறைக்கு அவள் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டாள். வேறெந்த அறையையும் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. தரைக்கடியில் புதுப் பலகை, அதன்மேல் மரத்தூளும் சீவலும் கலந்து நிரப்பி, மேலே நான் அறுத்துக் கொடுத்த அகலப் பைன் பலகை. சுவர்ச் சந்து ஒவ்வொன்றிலும் காற்றுப் புகாதபடி காய்ந்த பாசியைத் திணித்து மர உளியால் அடித்து இறுக்கினாள். வாரத்துக்கு ஒரு சந்து. பீங்கான் ஓடு பதித்த சின்னக் கணப்பு அடுப்பு ஒன்றை மூலையில் கட்டினாள். ஜன்னலுக்கு இரட்டைச் சட்டம். இடையில் சந்தேகம் வந்தால் அவருக்குப் போன் போடுவாள். அவர் திட்டுவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

2012 பிப்ரவரியில் என்னை அனுப்பி அவரை அழைத்துவரச் சொன்னாள். அன்றைக்கு மைனஸ் இருபத்தாறு. கோடையில் மட்டுமே வந்து பழகிய மனுஷர், வருவாரோ மாட்டாரோ என்று நினைத்துத்தான் போனேன். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, கீழ்வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.  பால்மேடை பனியில் மூடிக் கிடந்தது. அதைத் தாண்டி வாசல்வரைக்கும் முதல்தடவையாக அவர் வந்தார்.

படியேற நான் ஒரு பக்கம் பிடித்தேன். உள்ளே வந்து பெரிய அடுப்பைப் பார்த்தார், மேலே உத்திரத்தைப் பார்த்தார். கோட்டைக் கழற்றவில்லை. ஐலா காபி கொடுத்தாள். குடித்தார். அப்பம் தின்றார். இந்தத் தடவை உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு தானே வடக்கு அறை வாசலுக்குப் போனார்.

அங்கே கொஞ்சநேரம் நின்றார். உள்ளே போய், ஜன்னலுக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

“எத்தனை டிகிரி இங்க?”

“இருபத்திரண்டு” என்றாள் ஐலா.

“கதவைச் சாத்திட்டுப் போறியா?”

சாத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம்.  ஐலா ஒரே கரண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. வெப்பத்தாலா அழுததாலா என்று நான் பார்க்கவில்லை.

“போலாம்” என்றார் என்னிடம். ஐலாவின் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லியெக்ஸா எல்லை வந்ததும் காரில் வாயைத் திறந்தார். “அந்த ரூம் கதவு கீழ உரசுது. அவகிட்ட சொல்லு.”

சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் அர்மாஸ் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நாலு பேர் இருந்தோம், பாதிரியாரையும் சேர்த்து. ரைலியின் கல்லுக்குப் பக்கத்தில் இடம் வாங்கி வைத்திருந்தார்.

ஐலா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நகரத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். முதல் குளிர்காலம் முழுக்க வடக்கு அறையில்தான் படுத்தாள். நன்றாகத் தூக்கம் வந்தது என்றாள். ஆனால் காலையில் எழுந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லையாம். அடுத்த கோடையில் வெளிச்சுவருக்குச் சிவப்புப் பூச்சு அடித்தாள். மாவும் காவியும் சேர்த்து அவளே பெரிய அண்டாவில் காய்ச்சிய பூச்சு. மூன்று வாரம் ஏணியும் கையுமாக இருந்தாள்.

முடிகிற தறுவாயில் நான் அந்தப் பக்கம் போனேன். ஏணியிலிருந்தே கேட்டாள்.

“எப்படி இருக்கு, ஒன்னி?”

“நல்லா இருக்கு.”

“சரியா பாரு. எங்கயாவது கோணல், திட்டு இருக்கா?”

நான் சுற்றி வந்து பார்த்தேன். நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு குறையும் கண்ணில் படவில்லை.

“எல்லாம் நல்லா இருக்கு” என்றேன்.

அவள் ஏணியிலிருந்தே சாலையோரம் காலியாகக் கிடந்த பால்மேடையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, தூரிகையைப் பூச்சு வாளியில் தோய்த்துத் திரும்பிக்கொண்டாள்.